பேரரசியின் தோழிகள்

டோரிஸ் ஆன்டி தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்ததும் ஒத்திகைக் கூடத்தில் பேச்சு நின்றுபோனது. முழு மொட்டை. புருவம் மட்டும் எப்போதும்போல் அடர்த்தியாக இருந்தது.

"ஆன்டி, என்ன ஆச்சு?" என்றாள் விஷ்ணுப்ரியா.

"ஒண்ணும் கேக்காதீங்க லா. நாடகம் நல்லபடியா நடக்கணும். எனக்கு அது போதும்."

அதற்குமேல் யாரும் கேட்கவில்லை. அந்த நோயின் பெயரை வாயால் சொல்லக்கூட நம் ஆட்களுக்குப் பயம். உடன் நடிக்கும் ஜெரால்டின் எழுந்து கழிவறைக்குள் போய் அழுதுவிட்டு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

பிரிக்பீல்ட்ஸில் அவர்கள் ஒத்திகை பார்த்தது ரஷ்யப் பேரரசி எலிசபெத்தின் கதை. படைவீரர்களைக் கூட்டிக்கொண்டு போய் அரியணையைப் பிடித்தவள். பதினைந்தாயிரம் கவுன் சேர்த்தவள். தன்னைவிட இன்னொருத்தி அழகாகத் தெரிந்தால் பொறுக்காதவள். எழுதி, இயக்கி, பேரரசியாக நடிப்பதும் டோரிஸ்தான். கிள்ளான் நாடகப் போட்டியில் மூன்று வருடமாக இரண்டாம் பரிசு வாங்கி நொந்துபோயிருந்தார்.

மூன்றாம் காட்சியில், தன்னைப் போலவே தலையில் ரோஜா வைத்து வந்த தோழி ஒருத்தியைப் பேரரசி மண்டியிட வைத்து, பூவை முடியோடு கத்தரித்து, கன்னத்தில் அறைவாள். அறை வாங்குவது விஷ்ணுப்ரியா. கத்தரிக்கோல் பொய், அறை நிஜம். "ரியலா இல்லாட்டி அது நாடகமே இல்ல" என்பார் டோரிஸ்.

ஐந்தாம் காட்சி மட்டும் இன்னும் யார் கைக்கும் வரவில்லை. கேட்டால், எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லிவிடுவார்.

விஷ்ணுப்ரியாவுக்கு மூன்று வாரத்தில் கல்யாணம். செமினியிலிருந்து பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை குருவின் அம்மா, இடுப்புக்குக் கீழே இறங்கிய அவள் பின்னலைத் தொட்டுப் பார்த்த பிறகுதான் சம்மதமே சொன்னார். அப்படியிருந்தும் அன்று டோரிஸ் கிளம்பிப் போனதும் முதலில் வாயைத் திறந்தது அந்தப் பைத்தியக்காரப் பெண்தான்.

"ஆன்டி மட்டும் ஏன் தனியா இப்படி நிக்கணும்? நாமளும் மொட்ட போட்டுக்குவோம். அவங்களுக்கு ஒரு தைரியம் வரும்."

"ஏய், உனக்குக் கல்யாணம்டி!" என்றாள் ஜெரால்டின்.

"முடி வளந்துடும். ஆன்டி போயிட்டா..."

மறுநாள் தோழிகளாக நடிக்கும் நான்கு பெண்களும் சலூனுக்குப் போனார்கள். பின்னல் தரையில் விழுந்தபோது விஷ்ணுப்ரியா கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"பத்துமலைக்கு நேந்துகிட்டிருந்தாலும் சாமிக்குக் குடுத்தோம்னு மனசு ஆறும். யாரோ ஒருத்திக்காகவா?" என்று அவள் அம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

சாயந்திரமே குருவின் அம்மா போன் செய்தார். "மொட்டத் தலையோட மணவறையில உக்காந்தா ஊரு சிரிக்கும். நாங்க வேற இடம் பாத்துக்கறோம்." விஷ்ணுப்ரியா குருவுக்குப் பதினோரு முறை போன் அடித்தாள். அவன் எடுக்கவேயில்லை.

இரண்டு நாள் சாப்பிடாமல் அழுதாள். சாகப்போகிறவருக்காகக் கொடுத்ததுதானே என்று தனக்குத் தானே சொல்லித் தேற்றிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை ஒத்திகைக்குப் போனாள்.

நான்கு மொட்டைத் தலைகளும் ஒன்றாக உள்ளே நுழைந்ததைப் பார்த்து டோரிஸுக்குக் கண் கலங்கிவிட்டது. ஒவ்வொரு தலையாகத் தடவிப் பார்த்தார். "என் தங்கங்களா!" என்றார். பிறகு பையைத் திறந்து, ஆளுக்கு ஒரு தாள் கொடுத்தார்.

ஐந்தாம் காட்சி.

விஷ்ணுப்ரியா படித்தாள். தலைக்குப் போட்ட சாயம் கெட்டுப்போனதால் பேரரசி தன் முடியை மழித்துவிடுகிறாள். தனக்கு இல்லாத முடி எவளுக்கும் இருக்கக் கூடாது என்று, அரண்மனைப் பெண்கள் அத்தனை பேருக்கும் மொட்டையடிக்கக் கட்டளையிடுகிறாள். தோழிகள் மொட்டைத் தலையோடு அழுதபடி வரிசையாக வந்து பேரரசியை வணங்குகிறார்கள்.

தாளிலிருந்து நிமிர்ந்தாள். "ஆன்டி... அப்ப உங்க சீக்கு?"

டோரிஸ் கண்ணாடியைப் பார்த்துக் கிரீடத்தைச் சரிசெய்துகொண்டார்.

"எனக்குச் சீக்குன்னு நான் எப்பம்மா சொன்னேன்?"