மூளைப் பீரங்கி

“மாமா, மனசுல தப்பா எதையும் நெனைச்சிடாதீங்க. நீங்க நெனைச்சாலே இது வெடிக்கும்” என்றான் அரசப்பன்.

கவரைப்பேட்டையில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் அரசப்பன், அந்த ஆயுதத்தை மாட்டுவண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து ராஜமாணிக்கத்தின் வயல் வரப்பில் இறக்கியிருந்தான். ஓர் இரும்புக் குழாய், ஒரு கார்பைடு டப்பா, லாரியில் இருந்து கழற்றிய பேட்டரி. அதிலிருந்து கிளம்பிய ஒயர்கள் எல்லாம் ஓர் அலுமினியக் குண்டானில் போய் முடிந்தன. குண்டான் இப்போது ராஜமாணிக்கத்தின் தலையில் இருந்தது.

“சோறு வடிக்கிற குண்டானை எடுத்தாந்து ஊட்டு ஆம்பள தலையில கவுத்துட்டியேப்பா” என்றாள் அவர் மனைவி லட்சுமியம்மாள்.

“அதான் அத்தை மூளைய இழுத்துக் குடுக்குது. அமெரிக்கால இதுக்கு வாயில நொழையாத பேரு வச்சிகினு கீறானுங்க. நம்மூருக்கு மூளைப் பீரங்கி.”

இத்தனை கூத்தும் சந்திரகலாவுக்காக. அவள் ராஜமாணிக்கத்தின் ஒரே மகள். கதிர் பால் பிடிக்கும் பருவத்தில் அவள் பரண் மேல் ஏறி உட்கார்ந்தால் ஒரு கிளி அந்த வயலை எட்டிப் பார்க்காது. அதனாலேயே அவளுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. யார் பெண் கேட்டு வந்தாலும் “அறுப்பு முடியட்டும்” என்பார் ராஜமாணிக்கம். அறுப்பு முடிந்தால் அடுத்த நடவு வந்துவிடும். தூரத்து முறைப் பையனான அரசப்பன் வந்து கேட்டபோது, “பொண்ணக் குடுத்துட்டா கிளிய யாரு ஓட்டறது?” என்று முகத்துக்கு நேராகவே கேட்டுவிட்டார். போயும் போயும் கிளியிடம் தோற்பதா என்று அரசப்பனுக்கு ரோஷம் வந்துவிட்டது. பீரங்கி வேலை செய்தால் பெண். இல்லாவிட்டால் அவன் அந்தப் பக்கமே வரக்கூடாது. இதுதான் பேச்சு.

பெண் கேட்டவன் வரும்போது பெண் எதிரில் நிற்கக் கூடாது என்று சந்திரகலாவை மாவு மிஷினுக்கு அனுப்பியிருந்தாள் லட்சுமியம்மாள்.

லட்சுமியம்மாளின் தம்பி கஜபதி மட்டும் வரப்பில் குந்தியபடி சிரித்துக்கொண்டிருந்தான். தீபாவளிக்கு அக்கா வீட்டுக்கு வந்தவன், மார்கழி பிறந்தும் ஊர் திரும்பவில்லை.

“ரேடியோல சண்டை சண்டைன்னு கத்தினு கீறான். இத எல்லைக்கு அனுப்புப்பா. பாக்கறவன் சிரிச்சே செத்துடுவான்.”

அரசப்பன் அதைக் காதில் வாங்காமல், “மாமா, நெனைக்கிறத ஒரு வார்த்த சத்தமா சொல்லிடுங்க. புது மிஷினு, காது கொஞ்சம் மந்தம்” என்றான்.

“நெனைப்ப எடுக்கற மிஷினுக்குக் காது எதுக்குடா?” என்றவர், கண்ணை மூடிக்கொண்டு, “பொம்மை மேல குந்திகினு கீதே, அந்தக் கிளி” என்றார்.

குழாய் டமார் என்றது. ஒரே புகை. புகை விலகியபோது வயல் நடுவே நின்ற பொம்மையின் சட்டித் தலை சுக்கல் சுக்கலாகிக் கிடந்தது. கிளி ஆந்திரா பக்கம் போய்க்கொண்டிருந்தது.

“கொழா கெழக்க பாத்துகினு கீது. பொம்மை மேற்க கீது. எப்பிடிப்பா அடிச்சுது?”

“நெனைப்புக்கு இன்னா மாமா தெசை? அது வளைஞ்சி போவும்.”

ராஜமாணிக்கம் குண்டானைக் கழற்றி உள்ளே எட்டிப் பார்த்தார். ஒன்றும் பிடிபடாமல் மறுபடி மாட்டிக்கொண்டார்.

கஜபதிக்குப் பொறுக்கவில்லை. “எல்லாம் ஏமாத்து வேலை. மாமா, இப்ப வாயத் தொறக்காம நெனைங்க. அடிக்குதா பாக்கலாம்.”

அரசப்பனின் முகம் வெளுத்தது. “வேணாம் மாமா, பேட்டரி எறங்கிடும்.”

“எறங்கட்டும்” என்று ராஜமாணிக்கம் கண்ணை மூடினார்.

வேறு வழியில்லாமல் அரசப்பன் குழாயின் மறைவில் குனிந்து, யாருக்கும் தெரியாமல் திரியைப் பற்ற வைத்தான். டமார். அடுத்த நொடி கஜபதியின் சலவைச் சட்டையில், சரியாக நெஞ்சு நடுவே, ஒரு மண்ணுருண்டை வந்து அப்பியது. வாயிலிருந்த வெற்றிலைச் சாறும் சட்டைக்கே வந்து சேர்ந்தது.

லட்சுமியம்மாள் மெல்லத் திரும்பினாள். “எந்தம்பியையா நெனைச்சீங்க?”

“இல்லடி. பொங்கலத்தான் நெனைச்சேன்” என்றார் ராஜமாணிக்கம். அவருக்குப் பொய் வராது. “பொங்கலுக்குள்ளயாச்சும் இவன் ஊரு போய்ச் சேருவானான்னு நெனைச்சேன்.”

கஜபதி பையைத் தூக்கிக்கொண்டு ரயிலடிப் பக்கம் நடந்தான். “சாப்ட்டுட்டுப் போடா” என்று அழுதுகொண்டே பின்னால் ஓடினாள் லட்சுமியம்மாள்.

ராஜமாணிக்கம் குண்டானைக் கழற்றி வைத்தார். வெகுநாளாக அவர் மனம் இவ்வளவு லேசாக இருந்ததில்லை. வரப்பில் சிதறிக் கிடந்த மண்ணில் ஒரு துண்டை எடுத்து விரலால் நசுக்கினார். முகர்ந்து பார்த்தார். பிறகு அரசப்பனை ஏற இறங்கப் பார்த்தார். அவனுக்கு வேர்த்தது.

“பொண்ணக் குடுக்கறேம்பா. தை பொறக்கட்டும்.”

அரசப்பன் சேற்றில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கும்பிட்டான்.

“ஆனா பீரங்கி எங்க ஊட்லயே இருக்கணும்.”

“தாராளமா மாமா. குண்டான், பேட்டரி, ஒயரு, ஒண்ணு வுடாம வச்சிட்டுப் போறேன்.”

“ஒண்ணு வுடாமன்னா, அந்தப் பனமரத்துக்குப் பின்னால நிக்கிற பாகமும் சேத்துதாம்பா. அது இங்க இருக்கணும்னா நீயும் இங்கியே தங்கிடு” என்றவர், மரத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தார். “சந்திரகலா, கவண இடுப்புல சொருவிகினு வாம்மா. உமி கலந்து உருண்டை புடிக்கிறது இந்தச் சுத்துப்பட்டுல நீ ஒருத்திதான்னு எனக்குத் தெரியாதா? வந்து ஊட்டோட மாப்ளைக்குக் காப்பி போடு.”