தலையோடு ஓர் இறால்

தீவனத் தட்டைத் தண்ணீரிலிருந்து தூக்கிய அதே நொடியில், துள்ளுகிற இறால்களுக்கு நடுவே துள்ளாத ஒன்று தலைவரின் கண்ணில் பட்டுவிட்டது.

தலை ஓட்டில் வெள்ளைப் புள்ளி.

ஊர்க் கூட்டு இறால் பண்ணைச் சங்கத்தின் தலைவர் தட்டைத் தன் பக்கம் சாய்த்துக்கொண்டார்.

இரண்டடி தள்ளி, நோயில்லாப் பண்ணை என்று சான்றிதழ் கொடுக்க வந்த அதிகாரி புது ரப்பர் பூட்ஸில் சேறு படாமல் வரப்பில் கால் மாற்றிக்கொண்டிருந்தார். பின்னால் சங்க உறுப்பினர்கள், எல்லோரும் இதற்கென்றே தைத்த ஒரே நிறச் சட்டையில்.

தலைவர் அப்போதுதான் பேசி முடித்திருந்தார். மருந்து கிடையாது, முதலாளி கிடையாது. ஒரே வாய்க்கால், ஒரே குடும்பம். யார் குட்டையில் வெள்ளைப்புள்ளி நோய் வந்தாலும் அன்றைக்கே மதகை அடைத்து, பிளீச்சிங் பவுடரைக் கொட்டி, மொத்த இறாலையும் கொன்றுவிட வேண்டும் என்ற விதியைச் சொல்லும்போது குரலைக் கொஞ்சம் தழுதழுக்கவும் விட்டார்.

அவர் கொண்டுவந்த விதிதான். போன பருவத்தில் தன் கொழுந்தியாள் குட்டையில் பவுடர் கொட்டியதும் அவரேதான். அவள் தலையில் அடித்துக்கொண்டு அழ, பக்கத்திலேயே நின்று தியாகத்தைப் பற்றி ஓர் உரை ஆற்றினார். கைதட்டலும் வாங்கினார்.

இது அவருடைய சொந்தக் குட்டை. அடுத்த வாரம் அறுவடை. தியாகத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் நினைவுக்கு வரவில்லை.

அதிகாரி மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்தார்.

தலைவர் அந்த இறாலை எடுத்து வாயில் போட்டார். தலையோடு, ஓட்டோடு, காலோடு. இறாலின் மீசை மட்டும் சிறிது நேரம் உதட்டுக்கு வெளியே ஆடிவிட்டு உள்ளே போனது.

"எங்க இறால பச்சையாவே சாப்பிடலாம் சார். அவ்வளவு சுத்தம்!"

அதிகாரிக்கு மெய்சிலிர்த்துவிட்டது. போட்டோ எடுத்தார்.

தலைவர் ஒருவழியாக விழுங்கி, கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி தட்டைப் பார்த்தார். புள்ளி விழுந்தவை இன்னும் மூன்று இருந்தன. எல்லாவற்றையும் அவரே தின்றால் அதிகாரிக்குச் சந்தேகம் வரும். தின்னாவிட்டால் சந்தேகத்துக்கே வேலையில்லை.

அந்த நேரம் பார்த்துக் கொழுந்தியாள் பக்கத்தில் வந்து நின்றாள்.

தட்டைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். பழி தீர்க்க இதைவிட நல்ல நேரம் அவளுக்கு இந்த ஜென்மத்தில் வாய்க்காது. தலைவர் கண்ணாலேயே அவள் காலில் விழுந்தார்.

அவள் கையை நீட்டி, புள்ளி விழுந்த ஒன்றை எடுத்து, வாயில் போட்டு மென்றாள்.

"மாமா மட்டும் சாப்பிட்டா எப்படி? எங்களுக்கும் பங்கு இருக்குல்ல!"

மகராசி. தலைவர் மறுபடி கண்ணைத் துடைத்துக்கொண்டார், இந்த முறை நன்றியில்.

பிறகு பொருளாளர் வந்து ஒன்றை எடுத்தார். அவர் பின்னாலேயே மைக் செட்டுக்காரர்; அவருக்கும் ஒரு குட்டை உண்டு. யாரும் தேடவில்லை, தடுமாறவில்லை. போகிற போக்கில் கையை விட்டு, புள்ளி விழுந்ததை மட்டும் எடுத்துத் தலையோடு மென்றார்கள். நல்ல இறாலை ஒருவரும் தொடவில்லை.

என்னவொரு விசுவாசம் என்று தலைவர் உருகத் தொடங்கினார். பாதி உருகும்போதுதான் உறைத்தது. அந்தப் புள்ளி பழகாத கண்ணுக்கு லேசில் தெரியாதே. இவர்கள் எங்கே பழகினார்கள்?

கொழுந்தியாளைப் பார்த்தார். அவள் வாயைத் துடைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தாள்.

தட்டில் மிஞ்சியவை எல்லாம் பளபளவென்று துள்ளின. அதிகாரி ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து, மிக நன்று என்றார். இத்தனை ஒற்றுமையான சங்கத்தை எங்கேயும் கண்டதில்லை என்றார். அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை.

அடுத்து யார் குட்டையைப் பார்க்கலாம் என்று கேட்டார்.

எல்லோரும் ஒரே நேரத்தில் கையை நீட்டினார்கள். கொழுந்தியாள் பொருளாளரின் குட்டையைக் காட்டினாள். பொருளாளர் மைக் செட்டுக்காரரின் குட்டையைக் காட்டினார். மைக் செட்டுக்காரர் கொழுந்தியாளின் குட்டையைக் காட்டினார்.