பழைய டிரைவின் கையெழுத்து

ஐந்து அலுவலகங்களுக்குப் பொதுவாக, கணினிக் கோப்புகளைப் பத்திரப்படுத்த ஒரு பெட்டி. அதற்குள் டேப்புகளைத் தூக்கிக்கொண்டு ஓடுவது ரோபோ கையின் வேலை. எல்லோருடைய கோப்புகளுக்கும் அந்த டேப்புகளில் நகல் எழுதி வைப்பது, டேப்பைச் சுற்றி எழுதவும் படிக்கவும் தெரிந்த பழைய டிரைவின் வேலை. ஏழு வருஷமாக எழுதிக் குவித்தது. எழுதியதைப் படித்துக் காட்டு என்று ஒருவரும் கேட்டதில்லை.

ஒருநாள் அதைக் கழற்றிவிட்டுப் புது டிரைவை மாட்டினார்கள்.

“நான் இல்லாம எப்படி ஓட்டுறீங்கன்னு பார்க்கிறேன்” என்று சொல்லிவிட்டுப் போனது பழசு.

சொல்லிவைத்தாற்போல் மறுநாளே அந்த ஐந்தில் ஒன்றான கல்லூரி அலுவலகத்தின் கணினியில் மதிப்பெண் பட்டியல் அழிந்துபோனது. கை பதறியடித்து அதன் டேப்பைக் கொண்டுவந்தது. புதுசு முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்தது.

“அண்ணே, இது எழுத்தா, கோழிக் கிறுக்கலா? ஒண்ணும் விளங்கலையே.”

வேறு வழி? பழசைத் தேடிப் பிடித்து, புதுசுக்குப் பக்கத்திலேயே மாட்டினார்கள்.

“நீங்க எழுதினது, நீங்கதான் படிக்கணும்” என்று கை பவ்யமாக டேப்பை நீட்டியது.

பழசு பெருமையாக வாங்கிச் சுற்றியது. நின்றது. மறுபடி சுற்றியது.

கடைசியில் பழசு புதுசின் பக்கம் திரும்பி அதட்டியது:

“ஒரே ஒரு நாள்தான் நான் இல்லை. அதுக்குள்ள என்னப்பா பண்ணிவச்சே இந்த டேப்பை?”