வெளியே போகும் பந்து

புந்தோங்கில் காலை வெயில் அப்துல் ஹலீம் கடைத் தொலைக்காட்சியில் பாதியை வெளுக்க வைத்திருக்கிறது. அமெரிக்காவில் பேஸ்பால் ஆட்டம் நடக்கிறது. அந்தக் கூட்டத்துக்குள் எங்கோ ஜெயபாலனின் மகள் பிரமிளா உட்கார்ந்திருக்கிறாள். அவள் கடைசியாக வீட்டுக்கு வந்து ஐந்து வருடமாகிறது. பந்து ஓரக் கோட்டைத் தாண்டிக் கூட்டத்தில் விழுந்தால்தான் கேமரா அந்தப் பக்கம் திரும்பும். இதோ, விழுகிறது. ஜெயபாலன் கைதட்டுகிறார். “அண்ணே, அது கணக்குல சேராத அடி! இதுக்குப் போயா தட்டுறீங்க?” என்று தே தாரேக் தேநீரை ஆற்றியபடியே ஹலீம் சிரிக்கிறார். திரையில் நூறு கைகள் பந்துக்காக எழுகின்றன. வளையல் போட்ட ஒரு கை மட்டும் தாமதமாய் எழுகிறது. முகம் தெரிவதற்குள் கேமரா மைதானத்துக்குத் திரும்பிவிடுகிறது. ஹலீமின் சிரிப்பு அடங்குகிறது.

“நம்ம பிள்ளையா, அண்ணே?”

“தெரியல லா. இன்னொரு தடவ வெளிய அடிக்கட்டும்.”