உள்ள வராதம்மா!

"எம்மா! இன்டர்வியூ நடக்கும்போது உள்ள வராதன்னு எத்தன தடவ சொல்றது? ஒனக்குத் தலையில ஏறவே ஏறாதா?"

லியோன் போட்ட சத்தம் ஆவூர்த் தெருமுனை வரைக்கும் கேட்டது. ரேஷன் கடைக்குத் துணைக்குக் கூப்பிட வந்த பக்கத்து வீட்டு சந்தனமேரி வாசல்லயே நின்னுட்டா.

லியோனுக்குப் பெரிய கம்ப்யூட்டர் கம்பெனியில வேலை. மாசத்துல ரெண்டு வாரம் வீட்டுல இருந்தே பாக்கலாம். வேலைக்கு ஆள் எடுக்குற பொறுப்பும் அவன்கிட்டதான். அப்ப மட்டும் மூஞ்சிய போலீசு மாதிரி வச்சுக்குவான்.

அவனோட ஆத்தா வியாகுலமேரி டீ டம்ளரோட அசையாம நின்னா. லேப்டாப்புக்குள்ள தேனிப் பையன் ஒருத்தன், சட்டையெல்லாம் வேர்த்து ஒக்காந்திருந்தான்.

"ஏந்தம்பி, காலைல சாப்பிட்டியா?"

"சா... சாப்பிட்டேம்மா."

"பொய் சொல்லாத, மூஞ்சியே காட்டிக் குடுக்குது. இவனப் பாத்தா பயப்படுற? இவன் எட்டாப்புல கணக்குல முப்பத்தோரு மார்க்கு!"

பையன் பக்குன்னு சிரிச்சிட்டான்.

"வெளிய போறியா இல்லியா?" லியோன் கத்தினான்.

டீய வச்சிட்டு முணுமுணுத்துக்கிட்டே வெளிய வந்தா வியாகுலமேரி. பின்னாலயே கதவு சாத்திக்கிச்சு. உள்ள இங்கிலீசு மடமடன்னு ஓடிச்சு.

சந்தனமேரிக்குப் பொறுக்கல.

"என்னக்கா இது? ஊரான் புள்ள பாக்க, பெத்தவள இப்புடி வையிறான்!"

"அவன் வேலை அப்புடி, சந்தனம்."

"என்ன பொல்லாத வேலை? ஃபேனுக்கடியில கால ஆட்டிக்கிட்டுக் கேள்வி கேக்குற வேலை! ஞாயித்துக்கெழம பூசையில மட்டும் கண்ண மூடி என்னா உருக்கமாப் பாடுறான்! இனிமே அந்தக் கதவ நீ தொடக் கூடாது, ஆமா."

"இல்ல சந்தனம், புள்ளைங்களப் பாத்தா பாவமா..."

"ஒன்னயப் பாத்தாத்தான் பாவமா இருக்கு!"

பதினொரு மணிக்கு அடுத்த ஆளு. பவுசியான்னு ஒரு பொண்ணு. ரெண்டு தடவ தோத்துட்டு மூணாந்தடவ வருதாம். இதுவும் போச்சுன்னா அப்புறம் கூப்பிடவே மாட்டாங்களாம். காலைல இட்லி சாப்பிடும்போது லியோன் சொன்னான்.

கொஞ்ச நேரத்துல கதவத் தாண்டி அந்தப் பொண்ணு குரல் கேட்டது. "சாரி சார்... ஒரு நிமிஷம் சார்..." அதுக்கு மேல சத்தமே இல்ல.

வியாகுலமேரி ஓடிப் போய் டீய ஆத்தி எடுத்துட்டு வந்தா.

"ஒக்காருக்கா!" சந்தனமேரி மணிக்கட்டப் புடிச்சுக்கிட்டா. "வசவு வாங்குறதுல அம்புட்டு ஆசையா? மானம் ரோசம் வேணாம்?"

வியாகுலமேரிக்கு மனசு கேக்கல. ஆனா பக்கத்துல இருக்கவ சொல்லச் சொல்ல ரோசமும் வந்துருச்சு. பொத்துன்னு ஒக்காந்துட்டா. டீயில ஆடை படிஞ்சது.

படார்னு கதவு தெறந்தது. லியோன்!

"பாத்தியா, நாம பேசுனதும் தொரைக்கு எடைஞ்சலாப் போச்சு. இன்னிக்கு நான் கேக்குறேன் ரெண்டு கேள்வி..." சந்தனமேரி முந்தானைய இழுத்துச் சொருகிக்கிட்டு எந்திரிச்சா.

அவ வாயத் தெறக்குறதுக்குள்ள லியோன் ஆத்தாகிட்டக் குனிஞ்சு, குரலத் தணிச்சுக் கெஞ்சினான்.

"எம்மா, இங்க என்னம்மா பண்ற? நல்லா வெவரம் தெரிஞ்ச பொண்ணு, பயத்துல வாயடைச்சுப் போயி ஒக்காந்திருக்கு. நீ வந்து ரெண்டு வார்த்த பேசுனாத்தான் அதுங்களுக்குத் தெளியுது. கம்பெனியில எல்லாத்தையும் ரெக்கார்டு பண்றாங்க, அதான் கத்தித் தொலைக்கிறேன்... சீக்கிரம் உள்ள வந்து திட்டு வாங்கிட்டுப் போம்மா!"