வழி கேட்டவர்

"குடியை விடுறவங்க கூடுற இடம் இந்தத் தெருவுலதான்னு சொன்னாங்க. எங்கேங்க அது?" என்று தையல்கடைக்காரரிடம் சத்தமாகவே கேட்டார் மாமனார். பின்னால் நின்ற மருமகள் கூனிக் குறுகிப்போனாள்.

கடைக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "இந்த வயசுல இதெல்லாம் தேவையா பெரியவரே? பாவம், அந்தப் பொண்ணை இப்படி அலைய விடுறீங்களே!"

"என்ன செய்யறது, புத்தி இப்பத்தானே வருது" என்று சிரித்தார் மாமனார்.

"லைப்ரரி மாடிக்குப் போங்க."

படியேறும்போது, "திரும்பிடலாம் மாமா" என்றாள் மருமகள்.

"இவ்வளவு தூரம் வந்துட்டோம், வாம்மா."

மாடி அறையில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். வாசலில் நின்ற பெண்மணி மாமனாரின் கையைப் பற்றினாள். "வாங்கய்யா. முதல் தடவை வர்றதுதான் கஷ்டம். கூட வந்தவங்க வெளியில உக்காரட்டும்."

மாமனார் வாயைத் திறப்பதற்குள் மருமகள் முன்னால் வந்தாள்.

"அவர் ஒரு சொட்டுகூடத் தொட்டதில்லைங்க. குடிக்கிறது நான்தான். என்னை யாரும் ஒரு மாதிரி பார்த்துடக் கூடாதுன்னு, வழியெல்லாம் அந்தப் பேரை அவர் வாங்கிக்கிட்டு வந்தார்."

மாமனார் வெளியே கிடந்த பெஞ்சில் உட்கார்ந்தார். மருமகள் உள்ளே போனாள்.