வராத எம்.பி.

"இவர் எம்.பி.யா, இல்லை பார்லிமென்ட்டைச் சுத்திப் பார்க்கப் போன ஆளா?"

டூகல் மேடையில் இப்படிக் கேட்டதும் சர்ச் கூடமே சிரித்தது.

முன்வரிசையில் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்த அவன் மனைவி ஷோனா மட்டும் சிரிக்கவில்லை.

பக்கத்துப் பக்கத்துத் தொகுதி இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார்கள். இனி ஒரு சீட்டுதான். ஆளுங்கட்சி எம்.பி. டூகலும் எதிர்க்கட்சி எம்.பி. ஆர்ச்சி புக்கனும் அதற்கு மோதுகிறார்கள். தோற்றால் டூகலுக்குத் திரும்பிப் போக வேறு வேலை கிடையாது. குழந்தை கேலமுக்கோ இன்னும் பல்லே முளைக்கவில்லை.

ஆர்ச்சி காலமெல்லாம் கடைசி பெஞ்சு. மந்திரியானதில்லை. டீவியிலும் முகம் வந்ததில்லை. தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் மாதிரி நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார்.

கட்சி ஆபீஸில் அடித்துக் கொடுத்த நோட்டீஸை டூகல் விரித்தான்.

"தபால் கட்டணத்துக்கு ஓட்டெடுப்பு. ஐயா வரலை. ரயில்வேக்கு ஓட்டெடுப்பு. ஐயா வரலை."

"பாவம், ரயில் கிடைக்கலையோ என்னமோ" என்றது பின்வரிசை.

"இதைக் கேளுங்க. போன நவம்பர் ஒன்பதாம் தேதி. நம்ம துறைமுகத்துக்கு அலைதடுப்புச் சுவர் கட்ட எங்க அரசாங்கம் மசோதா கொண்டு வந்தது. இவர் கட்சி எதிர்த்தது. தட்டுத்தடுமாறித்தான் நிறைவேறுச்சு. எதிர்த்துப் போட்டா ஊர் திட்டும். ஆதரிச்சா கட்சி திட்டும். ஐயா என்ன பண்ணார்? ஒளிஞ்சுக்கிட்டார்."

ஷோனா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

நவம்பர் ஒன்பது. கேலம் பிறந்த நாள். அன்று டூகலும்தான் ஓட்டுப் போடவில்லை.

எழுதிக் கொடுத்தவனும் இதைப் பார்க்கவில்லை, படிக்கிறவனும் யோசிக்கவில்லை. யாராவது கேட்டுத் தொலைத்தால்? கண்ணால் ஜாடை காட்டினாள். டூகல் கைத்தட்டலில் குளித்துக்கொண்டிருந்தான்.

கூட்டத்தை நடத்திய போதகர், "பதில் சொல்றீங்களா, மிஸ்டர் புக்கன்?" என்றார்.

ஆர்ச்சி எழுந்தார். "அன்னைக்கு நான் ஓட்டுப் போடலை. அது நிஜம்தான்."

உட்கார்ந்துவிட்டார்.

"அவ்வளவுதானா?" என்று நாலு பக்கமும் சத்தம் எழுந்தது.

அப்போது மீன் வெட்டும் கொட்டகை ஜெஸ்ஸி எழுந்தாள். ஷோனா பயந்தது நடந்தேவிட்டது.

"தம்பி டூகல், என் வீட்டுக்காரர் படகு அந்தத் துறைமுகத்துலதான் நிக்குது. அதனால யார் யார் ஓட்டுப் போட்டாங்கன்னு நானும் தேடிப் படிச்சேன். உன் பேரையும்தான் காணோம். நீ எந்த மீன் பீப்பாய்க்குள்ள ஒளிஞ்சிருந்தே?"

கூடம் மறுபடி சிரித்தது. இந்தச் சிரிப்பு வேறு மாதிரி இருந்தது.

டூகல் முகம் சிவந்தது. நோட்டீஸை மடித்தான்.

"நான் ஆஸ்பத்திரியில இருந்தேன் ஜெஸ்ஸி. என் பையன் எட்டாம் மாசமே பிறந்துட்டான். தாயும் பிள்ளையும் பிழைப்பாங்களான்னு தெரியலை. லண்டன்ல இருந்து ஓடி வந்தேன். எங்க கொறடாதான், 'நீ கிளம்பு, உனக்கு ஜோடி பிடிச்சுட்டேன்'னு அனுப்பி வச்சார்."

"ஜோடியா? அங்க டான்ஸ் வேற ஆடுறீங்களா?"

"அது ஒரு வழக்கம். எங்கள்ல ஒருத்தர் வர முடியலைன்னா, எதிர்க்கட்சியில ஒருத்தரும் ஓட்டுப் போடாம வெளியே நின்னுடுவார். ரெண்டு பக்கமும் ஒண்ணு குறையும், கணக்கு நேராயிடும். யார் நின்னார்னு கொறடா சொல்லலை. நானும் கேட்கலை. பதிவுல 'வரலை'ன்னு மட்டும்தான் விழும்."

கூடம் உச்சுக் கொட்டியது. "மன்னிச்சுக்கப்பா, பிள்ளை நல்லா இருக்கட்டும்" என்று ஜெஸ்ஸி உட்கார்ந்தாள். பின்வரிசையே கைதட்டியது.

கண்டம் தப்பியது. ஷோனாவுக்கு இப்போது மூச்சு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

எதிர்க்கட்சியில் ஒருத்தர்.

மெல்லத் தலையைத் திருப்பினாள். ஆர்ச்சி டூகலைப் பார்க்கவில்லை, கூட்டத்தையும் பார்க்கவில்லை. அவள் மடியில் விரல் சூப்பிக்கொண்டிருந்த கேலமையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கேட்டால் சீட்டு போகும். கேட்காவிட்டால் தூக்கம் போகும். ஒருவேளை அவர் இல்லையென்றால்? வேறு யாராவதாக இருந்தால்? இருக்கட்டும் என்று சாமியை வேண்டிக்கொண்டாள்.

"கடைசிக் கேள்வி" என்றார் போதகர்.

நாலு பேர் நடுவில் வாய் திறந்தே பழக்கமில்லாத ஷோனா, குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தாள். தனக்காகப் பேசப் போகிறாள் என்று டூகல் புன்னகைத்தான்.

"புக்கன் ஐயா... அன்னைக்கு நீங்க எங்க இருந்தீங்க?"

ஆர்ச்சி தொப்பியை இப்படியும் அப்படியும் திருப்பினார். டூகலை ஒருமுறை பார்த்தார். அவன் புன்னகை கொஞ்சம் கொஞ்சமாகக் கரைவதைப் பார்த்து, இவர்தான் சங்கடப்பட்டவர் போலத் தலையைக் குனிந்துகொண்டார்.

பிறகு குழந்தையைப் பார்த்தபடியே மெதுவாகக் கேட்டார்.

"பையன் இப்ப நல்லாப் பால் குடிக்கிறானாம்மா? அன்னைக்கு எங்க கொறடா பார்லிமென்ட் வராந்தாவுக்கு வந்து, 'ரெண்டு உயிரும் தப்பிச்சது, நீங்க வீட்டுக்குப் போங்க'ன்னு மட்டும்தான் சொன்னார்."